காரிடாரில் ஒரு வளைகாப்பு

கோமளாவுக்கு அது பதினோராவது மாதம். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. காரணம் காரிடார்தான் என்பதில் அந்த மாடியில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

காரிடார் வளர்ந்துகொண்டிருந்தது. அந்தப் புதிய கட்டடத்தில் ஒவ்வொரு கதவின் தலையிலும் ஓர் இரும்புக் கை பொருத்தியிருந்தார்கள். கதவைத் திறந்து விட்டால் போதும், அந்தக் கை தானே இழுத்துச் சாத்திவிடும். ஒரு கதவு சாத்தினால் காரிடார் கொஞ்சம் நீளும். பால் வாங்க ஒரு தடவை, குப்பை கொட்ட ஒரு தடவை, வெளியே என்ன சத்தம் என்று பார்க்க ஒரு தடவை. கதவைச் சாத்தாமல் குடும்பம் நடத்துவது எப்படி? காரிடாரும் சளைக்காமல் நீண்டது.

குடிவந்த புதிதில் கோடி வீட்டு ஸ்டெல்லா இருமினால் முதல் வீட்டில் இருக்கும் கோமளாவுக்குக் கேட்கும். அடுத்த வாரம் கேட்கவில்லை. அதற்கடுத்த வாரம் ஸ்டெல்லா வீட்டுக்குப் போய்வரக் குடையும் தண்ணீர் பாட்டிலும் தேவைப்பட்டன. பிறகு லிஃப்டுக்குப் பக்கத்தில் ஷேர் ஆட்டோ ஸ்டாண்டு வந்துவிட்டது.

"பக்கத்து வூடு, அதுக்கடுத்த வூடு, கோடி வூடு ஏறு!" என்று டிரைவர் ஏகாம்பரம் கத்துவார். ஆள் நிறைந்தால்தான் வண்டியை எடுப்பார். ஆள் நிறைய மத்தியானம் ஆகிவிடும்.

கோமளாவின் வீடு லிஃப்டை ஒட்டி இருந்தது. எதிர்க் கதவு மாணிக்கவேல் வீடு. காரிடாருக்கு நீளத்தில்தான் ஆசை, அகலத்தில் இல்லை. அதனால் எதிர்வீடு மட்டும் எதிரிலேயே இருந்தது. ஆனால் மாணிக்கவேல் கதவுக் கண்ணாடியாக மாறிவிட்டார்.

அவர் ரிட்டயரான பஸ் கண்டக்டர். முன்பு குடியிருந்த பழைய பிளாக்கில் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவர்களையெல்லாம் விசாரிப்பார். புதுக் கட்டடத்தில் மாடிப்படிக்கு ஒரு கதவு போட்டு, அதற்குப் பூட்டும் போட்டிருந்தார்கள். உட்கார இடம் இல்லை. வாசல் கதவில் பதித்திருந்த சின்னக் கண்ணாடி வழியாகக் காலையிலிருந்து சாயங்காலம்வரை வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருநாள் அவர் மனைவி சரோஜா சாப்பிடக் கூப்பிட்டபோது ஆள் இல்லை. கண்ணாடி மட்டும் இமைத்தது.

சரோஜா தினமும் அவரை ஈரத் துணியால் துடைத்தாள். வெள்ளிக்கிழமைகளில் அவருக்கு மேலே ஒரு பொட்டு வைத்தாள்.

"இருந்த எடத்துலயே கீறாரு. ஊரு வம்புக்குப் போறதில்ல. எனக்கின்னா கொறை?" என்று கோமளாவிடம் சொன்னாள். சொல்லும்போதே அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

பழைய பிளாக் கால்வாய்க்கரையில் இருந்தது. ஒருபக்கம் கதவுகள், மறுபக்கம் இடுப்பளவுக் கைப்பிடிச்சுவர், நடுவில் வராண்டா. அது ஒன்றும் சொர்க்கம் இல்லை. கூரையிலிருந்து காரை பெயர்ந்து சோற்றில் விழும். மழை பெய்தால் கால்வாய் படியேறி வந்து அடுப்பங்கரையை எட்டிப் பார்க்கும். ஆனால் கைப்பிடிச்சுவர் எல்லோருக்கும் பொது. அதில் துணி காயப்போட்டே ஆக வேண்டும். காயப்போட்டால் கீழ்வீட்டு வடகத்தின்மேல் சொட்டும். சொட்டினால் சண்டை. சண்டை வந்தால் சமாதானம். சமாதானம் என்றால் ஒரு கிண்ணம் மீன் குழம்பு. அந்தக் கட்டடத்தைக் கட்டிய புண்ணியவான் யாரோ, மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் சொட்டும்படி கட்டிவிட்டுப் போயிருந்தார்.

கோமளாவின் வளைகாப்பை ஏழாம் மாதம் அந்த வராண்டாவில்தான் வைப்பதாக இருந்தது. அதற்குள் பிளாக்கை இடிக்க வந்துவிட்டார்கள். வாயும் வயிறுமாக இருப்பவள் வீடு மாறக்கூடாது என்று பெண்கள் எடுத்துச் சொன்னார்கள். இடிக்கிற இயந்திரம் காது கொடுக்கவில்லை. புது வீடுகளைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். பழைய பிளாக்கில் தோளோடு தோள் இடித்தவர்கள் காரிடாரின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகச் சிதறினார்கள். நடுவில் எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். சரி, இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று வளைகாப்புக்கு நாள் குறித்தார்கள்.

குறித்த நாளில் ஸ்டெல்லா, நூர்ஜஹான், இன்னும் பழைய பிளாக் பெண்கள் எல்லோரும் வரிசைத் தட்டுகளோடு கோடியிலிருந்து கிளம்பினார்கள். இன்னும் வந்து சேரவில்லை.

வரிசைத் தட்டை நடந்துதான் கொண்டுவர வேண்டும். வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்தால் மரியாதை இல்லை. தட்டோடு வாசல் தாண்டிய பிறகு பாதியில் திரும்பவும் கூடாது. இரண்டும் அவர்களுக்கு நன்றாகத் தெரியும். அதனால் நடந்தார்கள். அவர்கள் நடக்க நடக்க, முன்னால் எங்கோ ஒரு கதவு சாத்திக்கொண்டது.

ஏகாம்பரம் அவ்வப்போது சேதி கொண்டுவருவார்.

"ஸ்டெல்லாம்மாவ டீக்கடையாண்ட பாத்தேன். காலு வீங்கிக் கீது. வந்துக்கினே கீறேன்னு சொல்லச் சொன்னாங்க."

"காரிடார்ல ஏதுண்ணா டீக்கடை?"

"நேத்து வந்துச்சு. டீ சுமார்தான்."

அந்த வாரம் கோமளா ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா வயிற்றில் காதை வைத்துக் கேட்டார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு வசதியாக உட்கார்ந்து மறுபடியும் கேட்டார்.

"கொழந்தை நல்லா இருக்கும்மா. கதவைத் தட்டிக்கிட்டிருக்கு."

"எந்தக் கதவ டாக்டர்?"

"அது இருக்கற பக்கத்துக் கதவை. தட்டுது, கொஞ்சம் காத்திருக்கு, மறுபடி தட்டுது. வெளிய ஒரு சத்தமும் இல்ல. ஆள் இல்லாத எடம்னு நெனைச்சுக்கிச்சு."

"நான் கீறேனே டாக்டர். தெனமும் பேசறேனே."

"நீங்கதான் வீடு. வீடே பதில் சொன்னா யாராவது நம்புவாங்களா? நாலு பேர் சத்தம் கேக்கணும்."

கோமளா வயிற்றை இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டாள். "தட்டித் தட்டிப் பாத்துட்டு இன்னா பண்ணும்?"

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க ஒரு வீட்டைத் தட்டி யாரும் தொறக்கலைன்னா என்ன பண்ணுவீங்க?"

"திரும்பிப் போயிடுவேன்."

"அதேதான். அமாவாசை வரைக்கும் பாக்கும்னு நெனைக்கிறேன். பொறுமையான கொழந்தை."

கோமளா திரும்பி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் அழுதாள். "போயிடாத, போயிடாத கண்ணு" என்று வயிற்றுக்குள் சொன்னாள். பக்கத்து சீட்டுக்காரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். உள்ளே ஒருமுறை மெல்லத் தட்டியது. பிறகு ஓய்ந்துவிட்டது. அவளுக்கு அவ்வளவு பயம் வாழ்க்கையில் வந்ததே இல்லை.

அவள் கணவன் டில்லிபாபு பந்தல் போடுகிறவன். கால்வாய்க்கரையில் கல்யாணத்துக்கும் சாவுக்கும் தெருவை அடைத்து ஷாமியானா கட்டி, மாநகரப் பேருந்தையே வேறு வழியில் திருப்பி விட்டவன். புது இடத்தில் அவனுக்கு வேலை இல்லை. கட்டடத்தைச் சுற்றிலும் தெரு இருந்தது. ஆனால் அது கார் போவதற்கு மட்டும் போட்ட தெரு. அதில் யாரும் நின்றதில்லை, உட்கார்ந்ததில்லை, செத்ததும் இல்லை. அவனுடைய சவுக்குக் கழிகளும் கயிறுகளும் கட்டிலுக்கடியில் கிடந்தன. அவன் கட்டில்மேல் கிடந்தான்.

இருவரும் கட்டடப் பொறியாளரைப் பார்க்கப் போனார்கள். அவர் பெயர் வரதராஜுலு. தரைத்தளத்தில், யாரும் தட்ட முடியாதபடி கதவே இல்லாத ஓர் அறையில் இருந்தார். ஜன்னல் வழியாகப் பேசினார்.

"காரிடார் நூறடி" என்றார்.

"அதுல ஷேர் ஆட்டோ ஓடுது சார்."

"நூறடியில ஷேர் ஆட்டோ ஓடாது. அதனால ஓடலை."

"எங்க ஸ்டெல்லாக்கா ஏழாம் மாசம் கெளம்பினவங்க சார். இன்னும் வந்துக்கினே கீறாங்க" என்றாள் கோமளா.

"மெதுவா நடக்கறாங்க."

"கதவு மேல கீற அந்த இரும்புக் கைய மட்டும் கழட்டிக்கட்டுமா சார்?"

"கழட்டக்கூடாதும்மா. அது உங்க தனிமைக்கு. இந்தக் கட்டடத்துல தனிமை இலவசம்."

"எங்களுக்கு வாணாம் சார்."

"வேணாம்னு சொல்ல முடியாது. சுவத்தோட சேர்த்துப் பூசியாச்சு."

அவர் கெட்டவர் இல்லை. கோமளாவின் வயிற்றைப் பார்த்து அவருக்கு இரக்கம்கூட வந்தது. "கொழந்தை பொறந்ததும் சொல்லுங்க. சத்தம் வெளிய கேக்காம பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொல்லி ஜன்னலைச் சாத்தினார்.

லிஃப்டில் ஏறியதும் கோமளா கேட்டாள். "வரிசை எங்க வந்து சேரணும்?"

"பந்தலுக்கு."

"பந்தல் நம்ம வூட்டு வாசல்லதான் இருக்கணும்னு யார் சொன்னது?"

டில்லிபாபு யோசித்தான். அவன் யோசித்து முடிக்கட்டும் என்று லிஃப்ட் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றது.

"யாரும் சொல்லல" என்றான். "ஆனா குழி தோண்ட முடியாது கோமு. தரை பூரா டைல்ஸ்."

"குழியில்லாம நீ பந்தலே போட்டதில்லையா?"

"போட்டிருக்கேன். கயித்த எதுலயாவது கட்டி இஸ்துப் புடிக்கணும்."

"எதுல?"

"கெடைக்கறதுல. கேட்டு, கரண்டுக் கம்பம். ஒருதபா நின்னுக்கினு இருந்த லாரியில கட்டினேன். லாரிக்காரன் சாப்ட்டுட்டுதான் போனான்."

லிஃப்ட் கிளம்பியது.

அமாவாசைக்கு முதல்நாள் காலையில் டில்லிபாபு கட்டிலுக்கடியிலிருந்து கயிற்றை எடுத்தான். முதல் முடிச்சைச் சொந்த வீட்டு ஜன்னல் கம்பியில் போட்டான். கயிற்றைக் கூடத்தின் குறுக்கே இழுத்து, வாசல் வழியாக வெளியே கொண்டுவந்தான். இரும்புக் கை வழக்கம்போலக் கதவை இழுத்தது. கதவு கயிற்றில் முட்டி நின்றது. இரும்புக் கை இன்னொரு முறை இழுத்தது. பிறகு என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றது.

கதவு சாத்தவில்லை. காரிடாரும் நீளவில்லை. கோமளாவும் டில்லிபாபுவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எதிர்வீட்டு சரோஜா வெளியே வந்தாள். விஷயத்தைக் கேட்டாள். "எங்க வூட்டுக்குள்ளயும் கயித்த வுடு தம்பி" என்றாள். பிறகு ஒரு கரண்டிக் காம்பால் கதவிலிருந்து மாணிக்கவேலைத் திருகிக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டாள். "நல்லது கெட்டதுக்கு அவர வுட்டுட்டுப் போனா கோச்சுக்குவாரு."

ஏகாம்பரம் ஸ்டாண்டில் பீடி குடித்துக்கொண்டிருந்தார். "ஆள் நெறையலியே" என்றார்.

"நான் ரெண்டாளு" என்றாள் கோமளா.

அதில் நியாயம் இருந்தது. ஆட்டோவின் தலையில் சவுக்குக் கழிகளை ஏற்றினார்கள். டில்லிபாபு பின்பக்கம் உட்கார்ந்து கயிற்றை விட்டுக்கொண்டே வந்தான். சுவர் ஓடிக்கொண்டே இருந்தது. ஓரிடத்தில் லேசாகத் தூறியது. வெகு நேரத்துக்குப் பிறகு ஒரு கதவு வந்தது.

கோமளா தட்டினாள். கதவு ஒரு விரல்கடை திறந்தது. உள்ளே ஒரு பெண்ணின் கண் மட்டும் தெரிந்தது.

"யாரு?"

"கயிறு கட்டணும்."

"எதுல?"

"உங்க வூட்டு ஜன்னல்ல."

"எதுக்கு?"

"பந்தலுக்கு."

கண் யோசித்தது. "சாவா, நல்லதா?"

"நல்லது. வளைகாப்பு."

"எத்தினியாவது மாசம்?"

"பதினொண்ணு."

"அடிப்பாவி! மொதல்ல உள்ள வந்து குந்து. தண்ணி குடி."

அவள் பெயர் அஞ்சலை. கூவக்கரையிலிருந்து வந்தவள். அவளுடைய கதவு வழியாகக் கயிறு உள்ளே போய் ஜன்னலைச் சுற்றி வெளியே வந்து எதிர்வீட்டுக்குப் போனது. எதிர்வீட்டுக் கதவும் திறந்தது. அங்கே ஒரு பெண் சீப்பும் கையுமாக நின்றாள்.

"நீங்க எங்கருந்து வரீங்க?" என்று அஞ்சலை அவளைக் கேட்டாள்.

"எதிர்லருந்துதான்" என்றாள் அவள்.

இருவரும் அதே கையோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டார்கள்.

இப்படியே கயிறு கதவு கதவாகப் போனது. ரயில்வே லைன் ஓரத்திலிருந்து வந்தவர்கள், மார்க்கெட்டுக்குப் பின்னாலிருந்து வந்தவர்கள், எங்கிருந்து வந்தோம் என்று சொல்லப் பிடிக்காதவர்கள் எல்லோரும் அதே கேள்வியைத்தான் கேட்டார்கள். சாவா, நல்லதா? நல்லது என்றதும் வழி விட்டார்கள். சாவு என்றாலும் விட்டிருப்பார்கள். ஒரு வீட்டில் ஒருவர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கயிறு அவருக்கும் டிவிக்கும் நடுவில் போயிற்று. அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஆனால் மற்றவர்கள் குனிந்து போவதற்காகக் கயிற்றை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

டீக்கடைக்குச் சற்று இப்பால் வரிசைக்காரர்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

முன்னால் ஸ்டெல்லா. அவளுக்குப் பின்னால் நூர்ஜஹானும் மற்றவர்களும். தட்டில் வைத்திருந்த சாமந்தி காய்ந்து, விதை விழுந்து, மறுபடி பூத்திருந்தது. வாழைப்பழச் சீப்பு ஒரு சின்ன வாழைக்கன்றாகியிருந்தது. புளிச்சாதம் அப்படியே இருந்தது. நல்லெண்ணெய் தாராளமாக விட்ட புளிச்சாதம் ஒன்றும் ஆகாது. கண்ணாடி வளையல்களில் ஒன்றுகூட உடையவில்லை.

ஸ்டெல்லா நின்றாள். கோமளாவை மேலும் கீழும் பார்த்தாள். இத்தனை மாதம் நடந்த களைப்பு மொத்தமும் கோபமாக வந்தது.

"வளைகாப்புக்காரியே எதுக்க வந்து நிப்பாளாடி? கேக்கறவங்க சிரிக்க மாட்டாங்க?"

"நீ வர்றதுக்குள்ள கொழந்த போயிடும்க்கா" என்றாள் கோமளா.

தட்டோடு திரும்பக்கூடாது, தட்டைத் தரையில் வைக்கவும் கூடாது. அதனால் ஸ்டெல்லா தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஒரு கையால் கோமளாவைக் கட்டிக்கொண்டாள்.

டில்லிபாபு அதற்குள் கழிகளை நிறுத்திவிட்டான். கயிற்றின் கடைசி முனையை ஆட்டோவில் கோடி வீடுவரை கொண்டுபோய் ஸ்டெல்லா வீட்டு ஜன்னலில் கட்டிவிட்டு வந்தான். ஷாமியானாத் துணியை மேலே வீசினான். துணி தொய்ந்து தரையைத் தொட்டது.

"இப்ப முறுக்கணும்" என்றான். பந்தல்காரர்கள் கடைசியில் செய்வது அது. கயிற்றுக்கு நடுவில் ஒரு கட்டையைச் செருகிச் சுற்றுவார்கள். சுற்றச் சுற்றக் கயிறு இறுகும்.

"இந்தக் கயித்துல இவ்ளோ பெரிய காரிடார் வருமா?" என்று அஞ்சலை கேட்டாள்.

"மசுரைக் கட்டி மலைய இஸ்க்கறோம். வந்தா மலை, போனா மசுரு" என்றான் டில்லிபாபு. கட்டையைச் சுற்றினான். ஏகாம்பரம் ஒருபக்கம் பிடித்தார்.

முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சுவர் முனகியது. தூரத்தில் புள்ளியாக இருந்த ஒரு கதவு அசைந்து, குலுங்கி, இந்தப் பக்கமாக ஊர்ந்து வந்தது. அதன் பின்னாலேயே அடுத்த கதவு. திறந்த கதவுகள் எல்லாம் கூச்சத்தோடு கிட்டே வந்தன. டிவி பார்ப்பவர் டிவியோடு வந்தார். ஷாமியானா நிமிர்ந்து விறைத்தது. சுவரில் ஓடிய தூரமெல்லாம் எங்கே போயிற்றோ, யாரும் தேடவில்லை.

கதவுகளோடு லிஃப்டும் வந்து சேர்ந்தது. அதிலிருந்து வரதராஜுலு அளவுநாடாவோடு இறங்கினார்.

"பொது வழியில பந்தல் போட அனுமதி இல்லை" என்றார்.

"காரிடார் நூறடிதானே சார்?" என்றாள் கோமளா.

"நூறடிதான்."

"நூறடிக்குள்ள இத்தினி பேரும், ஒரு ஆட்டோவும், டீக்கடையும், பந்தலும் அடங்குமா?"

வரதராஜுலு மனதுக்குள் கணக்குப் போட்டார். "அடங்காது."

"அப்ப பந்தல் இல்ல சார்."

அவர் பந்தலை நிமிர்ந்து பார்த்தார். விதிப்படி அது இருக்க முடியாது. இல்லாத பந்தலுக்கு அனுமதி மறுக்கவும் முடியாது. அவருக்குத் தோளிலிருந்து ஏதோ இறங்கியதுபோல் இருந்தது. இல்லாத நாற்காலி ஒன்றில் உட்கார்ந்து, நூர்ஜஹான் நீட்டிய புளிச்சாதத்தை வாங்கிக்கொண்டார்.

கோமளாவை நடுவில் உட்காரவைத்தார்கள். கன்னத்தில் சந்தனம் பூசினார்கள். வேப்பிலைக் காப்பு போட்டார்கள். அடுத்தது கண்ணாடி வளையல். அங்கேதான் சண்டை வந்தது.

"மொத வளையல் நான்தான் போடணும்" என்றாள் ஸ்டெல்லா. "ஏழாம் மாசத்துலருந்து நடக்கறேன்."

"நானும் கூடத்தானே நடந்தேன்? காலு உனக்கு மட்டும்தான் கீதா?" என்றாள் நூர்ஜஹான்.

"நீங்க நடந்துக்கினேதான் இருந்தீங்க. கயித்துக்கு மொத மொதல்ல ஜன்னல் குடுத்தது யாரு?" என்றாள் அஞ்சலை.

"மொத ஜன்னல் எங்க வூட்டு ஜன்னலு!" என்றாள் சரோஜா. மாணிக்கவேலை வெற்றிலைத் தட்டில் வைத்துவிட்டுப் புடவையை இழுத்துச் செருகினாள்.

வடகத்தில் சொட்டிய துணி வெளியே வந்தது. கடன் வாங்கித் திருப்பித் தராத அம்மிக்குழவி வெளியே வந்தது. வடகமும் குழவியும் தெரியாதவர்கள்கூட ஆளுக்கொரு கட்சி சேர்ந்தார்கள். முன்பின் பார்த்திராதவர்கள் ஒருவரையொருவர் உரிமையோடு திட்டினார்கள். காரிடார் அதிர்ந்தது. அந்தக் கட்டடத்தில் அப்படியொரு சத்தம் கேட்டதே இல்லை. நடுவில் உட்கார்ந்திருந்த கோமளாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. பழைய பிளாக்கை இடித்த நாளிலிருந்து அவள் இவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை.

வெற்றிலைத் தட்டில் மாணிக்கவேல் வேகவேகமாக இமைத்தார். ஒரு தகராறு நடக்கிறது, தன்னை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எவ்வளவு நேரம்தான் ஒரு மனிதர் கண்ணாடியாக இருக்க முடியும்?

"வரிசையா நில்லுங்கம்மா! ஒருத்தர் ஒருத்தரா! வளையல் எல்லாருக்கும் கீது, தள்ளாத, தள்ளாத!"

எல்லோரும் திரும்பினார்கள். மாணிக்கவேல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் வெற்றிலை சிதறிக் கிடந்தது.

"வந்துட்டாரு வம்புக்கு" என்றாள் சரோஜா. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

பெண்கள் வரிசையில் நின்றார்கள். யார் முதல் வளையலைப் போட்டது என்பது கடைசிவரை முடிவாகவில்லை. சிவப்பும் பச்சையுமாக முழங்கைவரை வளையல் ஏறியது. கோமளா கையைத் தூக்கி வயிற்றுக்குமேல் குலுக்கினாள்.

உள்ளே தட்டியது.

இந்த முறை எல்லோருக்கும் கேட்டது. டிவிக்காரர் டிவியை அணைத்தார். கோமளா டில்லிபாபுவின் கையை இறுக்கிப் பிடித்தாள். வலி வந்துவிட்டது. டாக்டரம்மாவை அழைத்துவர ஏகாம்பரம் லிஃப்டுக்கு ஓடினார். ஆட்டோ தேவைப்படவில்லை. அங்கே ஓட்டுவதற்குத் தூரம் மிச்சம் இல்லை.

மறுபடியும் தட்டியது.

நெருங்கி வாழ்ந்த சனங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் வீட்டுக் கதவைத் தட்டினாலும் எல்லா வீடுகளிலிருந்தும் கேட்பார்கள். அடுப்படியிலிருந்தும் குளியலறையிலிருந்தும் கேட்பார்கள். கால்வாய்க்கரையில் அப்படித்தான். கூவக்கரையிலும் ரயில்வே லைன் ஓரத்திலும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஏனென்றால் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. காரிடார் முழுக்க ஒரே குரலாகக் கேட்டது.

"யாரது?"

உள்ளே தட்டுவது நின்றது. இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று எதிர்பார்க்கவில்லை போலும். பிறகு மெல்லிய குரலில் பதில் வந்தது.

"நான்தான்."

கோமளா மூச்சை இழுத்துப் பிடித்தாள். வளையல்கள் குலுங்கின.

"கதவு தொறந்துதான் கீது கண்ணு" என்றாள். "வா."